பதினேழாவது கட்டம்

"இந்த வயதில் உனக்கு இது எதற்கு?" என்று என்னைக் கேட்காதவர் எங்கள் வீட்டில் ஒரே ஒருவர்தான். அது என் ஏழு வயதுப் பெண். அவள் கேட்காததற்கும் காரணம் உண்டு. நான் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரமும் அவளைக் கணக்குப் போடச் சொல்ல ஆள் இல்லை, பாருங்கள்!

விஷயம் ஆரம்பித்தது 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில். சென்னையில் மிச்சமிருக்கும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று ஆபீஸில் என்னைப் பெரம்பூருக்கு அனுப்பினார்கள். ரயில்வே குடியிருப்பை ஒட்டிய சந்து ஒன்றில், ஓட்டு வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்தப் போனவள், கையை அப்படியே நிறுத்திக் கொண்டேன். உள்ளே யாரோ பியானோ வாசித்துக் கொண்டிருந்தார்கள். மெட்டு எனக்குத் தெரிந்ததுதான். 'ஆட்டம் லீவ்ஸ்', இலையுதிர்காலத்து இலைகளைப் பற்றிய பழைய பாட்டு. ஆனால் இரண்டாவது சுற்றில் மெட்டு காணாமல் போய்விட்டது. அது இருந்த இடம் மட்டும் இருந்தது. குழந்தை ஓடிப்போன பிறகும் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. மூன்றாவது சுற்றில் மெட்டு ஒன்றும் நடக்காதது போல் திரும்பி வந்து உட்கார்ந்து கொண்டது.

வாசித்தவருக்கு வயது 81. நான் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர் என்னைக் கேட்டார்: "நீ வாசிப்பியா சைல்ட்?"

"சின்ன வயதில் கற்றுக்கொண்டேன். நோட்ஸ் இருந்தால் வாசிப்பேன்."

"நோட்ஸ் இல்லேன்னா?"

"வராது."

"அப்போ வாசிக்கிறது நீயா, அந்தப் பேப்பரா?"

பேட்டி காணப் போனவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அதை இதுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூட ஆண்டு விழா. லண்டனிலிருந்து பரீட்சை நடத்திச் சர்டிபிகேட் கொடுப்பார்களே, அந்தப் பரீட்சைகளில் நான் வரிசையாகத் தேறி வந்த காலம். மேடையில் ஒரு சின்ன நடன மெட்டு வாசிக்க வேண்டும். பாக் எழுதியது என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பி, பிறகு கிறிஸ்டியான் பெட்சோல்டு என்பவர் எழுதியது என்று தெரியவந்த மெட்டு. மொத்தம் 32 தாளக் கட்டங்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். அன்றைக்கும் பதினாறு கட்டம் வரையில் பிரமாதமாகத்தான் போயிற்று. பதினேழாவது கட்டத்தில் கை நின்றது. மனசு வெள்ளைக் காகிதமாகிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் பதினேழில் நின்றது. மூன்றாவது தடவையும் அதே இடத்தில் நின்றபோது யாரோ கை தட்டினார்கள். பரிதாபப்பட்டுத் தட்டும் கைதட்டலை ஒரு தடவை கேட்டவர்களுக்கு வசை என்பது பெரிய விஷயமே அல்ல. எழுந்து வந்துவிட்டேன். பிறகு யார் எதிரிலும் நான் வாசித்ததில்லை.

பெரம்பூர்ப் பெரியவர் கேட்ட கேள்வி அந்தப் புண்ணில்தான் போய் விழுந்தது. கட்டுரையை எழுதிக் கொடுத்த மறு வாரமே அவரிடம் மாணவியாகச் சேர்ந்தேன். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். தவணையில் ஒரு டிஜிட்டல் பியானோவும் வாங்கினேன். 88 கட்டைகள், ஹாலில் பாதியை அடைத்துக் கொண்டது. என் கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதை மடக்கினால் கட்டிலாகப் போட்டுக் கொள்ளலாமா?" என்று கேட்டார். என் மாமியார் மட்டும் விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அவர் பாட்டுக் கற்றவர்.

"என்ன வாசிக்கப் போறே?"

"ஜாஸ், அம்மா."

"அப்படின்னா?"

"ஒரு பாட்டை நன்றாகத் தெரிந்துகொண்டு, அப்புறம் அதில் இல்லாததை வாசிப்பது."

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "இல்லாததை வாசிக்கிறதுக்கு எதுக்குடி பாட்டைக் கத்துக்கணும்?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றே முக்கால் வருஷம் ஆயிற்று.

ஜாஸ்காரர்கள் 'ஸ்டாண்டர்ட்' என்று சில பாட்டுக்களைச் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை 1920-க்கும் 1950-க்கும் இடையில் நியூயார்க் நாடகக் கொட்டகைகளுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டவை. நாடகமும் படமும் மறந்து போயின, பாட்டு நின்றுவிட்டது. அநேகமாக 32 கட்டங்கள்தான் நீளம். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத நாலு வித்வான்கள் ஒரு மேடையில் கூடினால், பாட்டின் பெயரையும் எந்தச் சுருதி என்பதையும் சொன்னால் போதும்; ஒத்திகை இல்லாமல் ஆரம்பித்துவிடுவார்கள். முதல் சுற்றில் மெட்டு. அதன் பிறகு ஒவ்வொருவராக அதே 32 கட்டத்துக்குள் தங்கள் கற்பனையை வாசிப்பார்கள். கடைசியில் மறுபடியும் மெட்டு.

'ஆட்டம் லீவ்ஸ்' பிறந்த ஊர் அமெரிக்கா அல்ல, பாரிஸ். ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் குடியேறிய ஜோசப் கோஸ்மா 1945-ல் இந்த மெட்டைப் போட்டார். ழாக் பிரெவேர் என்ற கவிஞர் பிரெஞ்சு வார்த்தைகளை எழுதினார். 1946-ல் ஒரு சினிமாவில் வந்தது. பிற்பாடு ஜானி மெர்ஸர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க, அட்லாண்டிக் கடலைத் தாண்டிற்று. 1955-ல் ரோஜர் வில்லியம்ஸ் என்பவர் பியானோவில் இலைகள் சலசலவென்று கொட்டுகிற மாதிரி வாசித்த ரிகார்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. 1958-ல் கானன்பால் ஆடர்லி சாக்ஸபோனும் மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட்டுமாக இதையே வாசித்தார்கள். அதில் ஒரு இலைகூட அவசரப்பட்டு விழவில்லை. 1959 டிசம்பரில் பில் எவன்ஸ் வாசித்தார். அதில் பியானோவும் ஸ்காட் லஃபாரோவின் பேஸ் வாத்தியமும், அடுத்தடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த இரண்டு பேர் பேசிக் கொள்வது போல் மாற்றி மாற்றிப் பேசும். ஒரே பாட்டு, ஒரே 32 கட்டம். ஆனால் மூன்றும் மூன்று உலகங்கள்.

மாஸ்டர் இதையெல்லாம் கற்றுக்கொண்டது கல்லூரியில் அல்ல, ரேடியோவில். 1955-ல் வாய்ஸ் ஆப் அமெரிக்கா நிலையத்தில் வில்லிஸ் கானோவர் என்பவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்தார். ஆங்கிலம் அதிகம் தெரியாத தேசத்தாருக்கும் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசுவாராம். ராத்திரியில் சிற்றலையில், பாதி இரைச்சலும் பாதி இசையுமாக வருவதை ரேடியோவில் காதை ஒட்டவைத்துக் கேட்டு, விடிந்ததும் பியானோவில் தேடுவாராம் மாஸ்டர். 1958-ல் டேவ் புரூபெக் குழுவினர் இந்தியாவில் சுற்றுப் பயணம் செய்து சென்னையிலும் வாசித்தார்கள். "அப்போ எனக்குப் பதினேழு வயசு. டிக்கெட்டுக்குக் காசு இல்லை" என்றார் மாஸ்டர். அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்தின வருத்தம். குரலில் அப்படியே இருந்தது. பிறகு ரயில்வே இன்ஸ்டிடியூட் நடன விருந்துகளில் வருஷக்கணக்காக வாசித்திருக்கிறார். பகலில் ரயில்வேயில் வேலை. சனிக்கிழமை ராத்திரி பியானோ.

முதல் பாடத்திலேயே என் நோட்டுப் புத்தகத்தை மூடி ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டார். "மூணு எடம் காட்டறேன். ஒலகத்துல இருக்கிற ஸ்டாண்டர்டுல முக்காவாசி இதுக்குள்ளே அடங்கிடும்" என்றார்.

அந்த மூன்று இடம் என்ன என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஹார்மோனியமோ குழந்தையின் விளையாட்டு கீ-போர்டோ இருந்தால் நீங்களே பரீட்சித்துப் பார்க்கலாம். கறுப்புக் கட்டை ஒன்றுகூட வேண்டாம். மேல்நாட்டு முறையில் வெள்ளைக் கட்டைகளுக்கு ஸி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்று பெயர். முதலில் டி, எஃப், ஏ, ஸி நாலையும் சேர்த்து அழுத்துங்கள். இது இரண்டாம் இடம். ஏதோ யோசனையாக, வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். அடுத்து ஜி, பி, டி, எஃப். இது ஐந்தாம் இடம். இப்போது ஒரு தவிப்பு வரும்; இங்கேயே நிற்க முடியாது, எங்கேயாவது போயாக வேண்டும் என்று தோன்றும். மூன்றாவதாக ஸி, இ, ஜி, பி. அப்பாடா! செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தாயிற்று. இதற்கு 'இரண்டு – ஐந்து – ஒன்று' என்று பெயர்.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. நாலு ஸ்வரங்களையும் வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதலாவதில் எஃப், ஸி இரண்டை மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த இடத்துக்குப் போகும்போது எஃப் நகர வேண்டாம். ஸி மட்டும் பக்கத்து பி-க்கு இறங்கினால் போதும். மூன்றாவது இடத்துக்கு பி நகர வேண்டாம். எஃப் பக்கத்து இ-க்கு இறங்கினால் போதும். ஒரு விரல் நிற்கும். ஒரு விரல் அரை அடி வைக்கும். அவ்வளவுதான் ஊர்ப் பயணம்! இடது கை இந்த இரண்டு விரலோடு நிறுத்திக் கொண்டால், வலது கைக்கு எங்கே வேண்டுமானாலும் போய்வரச் சுதந்தரம் கிடைக்கிறது. 'ஆட்டம் லீவ்ஸ்' முழுவதுமே இந்த இரண்டு–ஐந்து–ஒன்றுதான். ஒரு தடவை வெளிச்சமான வீட்டில் போய் இறங்கும். அடுத்த தடவை, பக்கத்திலேயே இருக்கும் சோகமான வீட்டில் போய் இறங்கும்.

மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவர் உடனே தம் கைப்பேசியில் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, "இப்போ வாசி" என்றார். வாசித்தேன். இரண்டு கட்டத்திலேயே சுருதியும் பாட்டும் சண்டை போட்டுக் கொண்டன. எனக்கு அப்போதுதான் வித்தியாசம் விளங்கியது. நம் சங்கீதத்தில் ஆதார ஸ்வரம் பூமி மாதிரி. அது நகராது, அதன் மேல் ராகம் நடக்கிறது. இங்கேயோ ஒவ்வொரு கட்டத்திலும் தரையே நகருகிறது. இப்போது சரியாக இருந்த ஸ்வரம் அடுத்த கட்டத்தில் தப்பாகிவிடும். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு கோலம் போடுவது போலத்தான்!

ஆனால் மாமியார் தாளத்தில் என்னை மடக்கினார். ஜாஸில் ஒரு ஆட்டம் உண்டு, 'ஸ்விங்' என்பார்கள். ஏட்டில் இரண்டு ஸ்வரங்களைச் சமமாக எழுதியிருக்கும். வாசிக்கும்போது முதலாவது நீண்டும் இரண்டாவது குறுகியும் வரவேண்டும். மூன்று மாதமாக எனக்கு அது பிடிபடவில்லை. மாஸ்டர், "நீ டைப் அடிக்கிறே சைல்ட்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தார். மாமியார் கீரை ஆய்ந்து கொண்டே கேட்டுவிட்டு, "இது திஸ்ர நடைதானே? தகிட, தகிட. நடு அட்சரத்தைச் சொல்லாம விழுங்கிடு. தா-ட, தா-ட" என்று தொடையில் தட்டிக் காட்டினார். அடுத்த வாரம் மாஸ்டர் அசந்துபோய், "யார் கத்துக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். "என் மாமியார்" என்றேன். "அவங்களை அனுப்பு, நீ வீட்ல இரு" என்றார் மனிதர்!

அடுத்தது பாட்டை நாமாகக் கோத்து அமைக்கும் வேலை. முன்னுரை எப்படி, மெட்டுக்கு அடியில் என்ன போடுவது, எங்கே கை நிறைய வாசிப்பது, எங்கே ஒற்றை விரலால் வாசிப்பது, எப்படி முடிப்பது எல்லாம் நாமே தீர்மானிக்க வேண்டும். நான் பன்னிரண்டு வருஷமாகப் பிறர் கட்டுரைகளை வெட்டிச் சீர்படுத்தும் உத்தியோகம் பார்க்கிறவள். நமக்கா தெரியாது என்று ஒரு மாதம் உழைத்துக் கொண்டுபோனேன். ஆர்ட் டாட்டம் போல ஓட்டங்கள், இரண்டு கையையும் சேர்த்துப் பூட்டினாற்போல் ஜார்ஜ் ஷியரிங் வாசிப்பாரே, அந்தக் கொத்து ஸ்வரங்கள், நடுவில் வால்ட்ஸ். கேட்டு முடித்த மாஸ்டர், "உங்க பத்திரிகைல எல்லாத் தொடர்கதையையும் ஒரே பக்கத்துல போடுவீங்களா?" என்றார்.

அன்றைக்கு மூன்றில் இரண்டு பங்கை வெட்டினோம். பிறர் எழுத்தை வெட்டுவது எத்தனை சுலபம், தன் சரக்கை வெட்டுவது எத்தனை வேதனை என்று தெரிந்தது. மிஞ்சியது இவ்வளவுதான். முன்னுரையில் இடது கை ஒரே ஒரு ஸ்வரத்தைத் தம்புரா போல மீட்டும். முதல் எட்டுக் கட்டமும் துணையே இல்லாமல் மெட்டு மட்டும். அடுத்த எட்டில் அந்த இரண்டு விரல். பதினேழாவது கட்டத்தில் பாட்டு திரும்பும் இடம். அங்கேதான் முதன்முதலாகக் கை நிறைய வாசிக்க வேண்டும்.

ஆம், மறுபடியும் பதினேழு! இந்தப் பாட்டும் 32 கட்டம்தான். இதுவும் திரும்புவது அங்கேதான். ஏட்டை வைத்துக்கொண்டு வாசித்தால் தாண்டிவிடுவேன். கற்பனையாக வாசிக்கும்போது அந்த இடம் வந்ததும் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கைதட்டல் காதில் கேட்கும். விரல் நின்றுவிடும்.

ஒரு நாள் ராத்திரி, பாத்திரங்களை ஒழித்துப் போட்டபின், மாமியாரிடம் அந்த மேடைக் கதையைச் சொன்னேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் அம்பது கீர்த்தனை பாடம் பண்ணினேன்" என்றார். "கும்பகோணத்துலே வாத்தியார் ஆத்துக்கே வந்து சொல்லிக் கொடுத்தார். ரேடியோவிலே எம்.எல்.வி. ஸ்வரம் போடறதைக் கேட்டு எனக்கும் போடணும்னு ஆசை. வாத்தியார்கிட்டே கேட்டேன். 'ஸ்வரமெல்லாம் கச்சேரிக்குப் போறவாளுக்கு. நீ என்ன கச்சேரியா பண்ணப் போறே? பொண்ணு பாக்க வரப்போ தப்பில்லாம ஒரு பாட்டுப் பாடினாப் போறும்'னுட்டார். 1971-லே உன் மாமனார் வந்து உக்காந்தா. தப்பில்லாமப் பாடினேன். அதோட சரி."

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குப் பரீட்சை வைத்தவர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு லண்டனிலிருந்து வந்தார்கள். இருவருக்கும் படியைத்தான் எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள்; வீடு எங்கே இருக்கிறது என்று காட்டவில்லை. ஒரு படி தவறினால் நடுத் தெருதான்.

மேரி லூ வில்லியம்ஸ் என்று ஒரு அம்மாள். 1910-ல் அமெரிக்காவில் பிறந்த நீக்ரோ வம்சத்துப் பெண்மணி என்று அந்தக் காலத்தில் எழுதியிருப்பார்கள். இன்று கறுப்பின மேதை என்கிறோம். 1930-களில் ஆண்டி கர்க் வாத்தியக் கோஷ்டியில் பியானோவும் வாசித்து, மொத்தக் கோஷ்டிக்கும் இசை அமைத்துக் கொடுத்தவர். டியூக் எல்லிங்டனுக்கும் பென்னி குட்மனுக்கும்கூட எழுதிக் கொடுத்திருக்கிறார். 1940-களில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் அவர் வீட்டு ஹாலில்தான் தெலோனியஸ் மங்க், பட் பவல் போன்ற இளைஞர்கள் வந்து கூடி வாசிப்பார்கள். இந்த அம்மாளுக்கு அவருடைய தாயார் சிறு வயதில் பியானோ வாத்தியாரே வைக்கவில்லையாம். காரணம், தாயார் முறையாகக் கற்று, கடைசியில் ஏடு இல்லாமல் எதுவுமே வாசிக்க வராமல் போனவர். மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நினைத்தார். இதை மேரி லூ தம் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். என் மாமியாரிடம் சொன்னபோது, "அந்த அம்மா புத்திசாலி" என்றார் சுருக்கமாக.

2024 பிப்ரவரியில் மாஸ்டரும் அவர் மனைவியும் ஊரைக் காலி செய்துகொண்டு மெல்போர்னில் இருக்கும் மகளிடம் போவதாக முடிவாயிற்று. கடைசி ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆன்ட்டி எனக்காகத் தேங்காய்ப்பால் விட்டு மஞ்சள் சாதம் பண்ணியிருந்தார். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. பியானோவை மறுநாள் யாரோ வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. சென்னை வெக்கையில் சுருதி இறங்கி, மூன்று கட்டைகள் ஊமையாகிப் போன பழைய பியானோ.

விடை சொல்ல வந்திருந்த அக்கம்பக்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர். "வாசி" என்றார் மாஸ்டர்.

உட்கார்ந்தேன். முன்னுரை, மெட்டு எல்லாம் சரியாக வந்தது. கற்பனைச் சுற்று ஆரம்பித்தது. எட்டு, பதினாறு... பதினேழு. நான் பயந்தது போலவே மனசு வெள்ளையாகிவிட்டது. விரல் எங்கேயோ விழுந்தது. ஸி ஷார்ப். அந்த இடத்தில் அதைவிடத் தப்பான ஸ்வரம் கிடையாது. கேட்டவர்களுக்குப் பல் கூசியிருக்கும்.

ஆனால் இந்தத் தடவை இடது கை நிற்கவில்லை. இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு அது தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தவிப்பு என் காதில் விழுந்தது. போகவேண்டிய ஊர் எது என்று தெரிந்தது. ஸி ஷார்ப்புக்கு அடுத்த கட்டை டி. அங்கே அது நிச்சயமாகச் சரி. "தப்புக்கும் சரிக்கும் நடுவிலே அரை ஸ்வரம்தான் தூரம், ஓடாதே, பக்கத்து வீட்டுக்குப் போ" என்று மாஸ்டர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். போனேன். போனதோடு நிற்காமல், துணிந்து அதையே திரும்பவும் வாசித்தேன். தப்பு, சரி, தப்பு, சரி. அடுத்த வீட்டு வாசலிலும் அதே மாதிரி. முதலில் இடறல், இரண்டாம் தடவை வேடிக்கை, மூன்றாம் தடவை அதுவே ஒரு சங்கதி. 25-வது கட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. 32-ல் வீடு வந்து சேர்ந்தேன்.

கை தட்டினார்கள். அதில் ஒன்றும் விசேஷமில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கும் தட்டுவார்கள். மாஸ்டர் தட்டவில்லை. "லெஃப்ட் ஹாண்ட் இன்னும் சத்தம் ஜாஸ்தி" என்றார். பிறகு, தாழ்ந்த குரலில், "பதினேழுல விழுந்தே. தெரிஞ்சுது. எழுந்த விதம் நல்லா இருந்துது" என்றார்.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். எதிர் வீட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "அறுபது வருஷத்துக்கு மேலே இந்தப் பாட்டை வாசிச்சிருக்கேன், சைல்ட். அந்த இலை உதிர்றதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்த ஊர்ல எங்கே அதெல்லாம்!" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேப்பமரமும்தான் பங்குனிக்கு முன்னால் இலை உதிர்க்கிறது என்று ஏதோ உளறிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

அந்த வருஷம் மே மாதம், ஒரு காலையில் கைப்பேசியில் படம் ஒன்று வந்தது. அந்த ஊரில் அது இலையுதிர்காலம். ஈரமான நடைபாதை முழுதும் செம்பழுப்பு இலைகள். ஓரத்தில் வயதானவர் ஒருவருடைய ஷூவின் நுனி. கீழே இரண்டே வரி எழுதியிருந்தார். மெதுவாகத்தான் விழுகிறதாம். நாம் வேகமாக வாசித்து வந்திருக்கிறோமாம்.

படத்தை மாமியாரிடம் காட்டலாம் என்று சமையலறைக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் குழம்பைக் கிளறிக்கொண்டே, ஒரு கீர்த்தனையின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் வரி முடிந்ததும் நாலு ஸ்வரம், எட்டு ஸ்வரம், பயந்து பயந்து. எடுப்புக்குத் திரும்பி வரவேண்டிய இடத்தில் அரை அட்சரம் தவறிப் போயிற்று. நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு கரண்டியால் அடுப்பு மேடையில் தாளத்தைத் தட்டி, மறுபடியும் வரியிலிருந்து எடுத்தார்.

'இல்லாததை வாசிக்கிறதுக்கு எதுக்குடி பாட்டைக் கத்துக்கணும்?' என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. போன இடத்திலிருந்து திரும்பி வருவதற்குத்தான் என்பதை அவரே கண்டுபிடித்துக் கொண்டிருந்தார்.

அன்றைக்குக் குழம்பு அடி பிடித்துவிட்டது. என் கணவர் மட்டும் சாப்பிட்டுவிட்டு, "என்ன, இன்றைக்கு இதிலும் கற்பனையா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.